என்னால் முடியுமா? தன்னம்பிக்கை, கவலை, பிடித்த வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பகலில் கணக்குப் பார்ப்பவன், மாலையில் படம் வரைபவன். மனநல மருத்துவம் படித்தவன் இல்லை. இத்தனை வருடமாக வரைவதை விடாமல் வைத்திருக்கிறேன் என்பதைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படி நேரம் கிடைக்கிறது?" என்று ஆரம்பித்து, கடைசியில் தங்கள் சொந்தக் குழப்பத்தில் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்டதையும் நான் சொல்லிவருவதையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன். உளவியல் ஆய்வுகள் கைகொடுக்கும் இடங்களில் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

எனக்குத் தன்னம்பிக்கையே இல்லை. முதலில் அதை வளர்த்துக்கொண்டு, அப்புறம் தொடங்கலாமா?

வேண்டாம். அந்த வரிசையில் காத்திருந்தால் தொடங்குவது நடக்கவே நடக்காது. நம்பிக்கை பெரும்பாலும் வேலைக்குப் பின்னால்தான் வருகிறது.

"எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எதில்? வண்டி ஓட்டுவதிலா, கணக்குப் போடுவதிலா, குழந்தையைத் தூங்கவைப்பதிலா? யோசித்துப் பார்த்தால் எத்தனையோ வேலைகளைத் துளிச் சந்தேகமும் இல்லாமல் செய்கிறவராகத்தான் இருப்பார். மேடையில் பேசுவதிலோ, தான் எழுதியதைப் பிறரிடம் காட்டுவதிலோ மட்டும் கால் பின்வாங்கும். அந்த ஓரிடத்துப் பயத்துக்காக மொத்த ஆளையும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். குறிப்பிட்ட ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, அந்த நேரத்தில் உடம்பும் மனநிலையும் இருக்கும் விதம். நான்கில் வலுவானது முதலாவது. பாம்பு என்றாலே நடுங்குபவர்களை வைத்து அவரும் கூட்டாளிகளும் நடத்திய சோதனையில், பிறர் பாம்பைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களைவிட, ஒருவர் துணையிருக்கப் படிப்படியாகத் தாங்களே நெருங்கிப்போய்த் தொட்டவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகம் கூடியது.

கடைசி வழியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. தூக்கம் கெட்ட நாளிலும் பசித்த வயிற்றோடும் "என்னால் முடியுமா?" என்று கேட்டால் எனக்குள்ளிருந்து வரும் பதிலை நான் சட்டை செய்வதே இல்லை. சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து, மறுபடி கேட்டுக்கொள்வேன்.

அந்தக் கேள்வியையும் சின்னதாக்க வேண்டும். "நான் ஓவியன் ஆக முடியுமா?" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த வாரம் ஒரு நாற்காலியைப் பார்த்து வரைய முடியுமா?" என்பதற்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கையில் இருக்கும். வரைந்த நாற்காலி கோணலாக இருக்கலாம், பரவாயில்லை. அடுத்த முறை கேட்கும்போது காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது.

தினமும் கண்ணாடி முன்னால் நின்று "நான் சாதிப்பேன்" என்று சொல்லச் சொல்கிறார்களே, பலன் உண்டா?

ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உண்டு. தேவைப்படுகிறவர்களுக்குத்தான் சிக்கல். ஜோஆன் உட் என்பவரும் சக ஆய்வாளர்களும் கனடாவில் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். வாய் ஒன்று சொல்ல, உள்ளே இருப்பவன் "அப்படியா? போன மாதம் என்ன நடந்தது என்று ஞாபகமில்லையா?" என்று ஆதாரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவான்.

பொய்யில்லாத வாக்கியமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். "நேற்று உட்கார்ந்தேன், இன்றும் உட்காரப் போகிறேன்." இதை மறுத்துப் பேச உள்ளே இருப்பவனிடம் எதுவும் இருக்காது.

நாலு பேர் பார்த்துச் சிரித்தால்?

பார்ப்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தாமஸ் கிலோவிச்சும் உடனிருந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வேடிக்கையானது. கல்லூரி மாணவர்களுக்கு, போட்டுக்கொள்ளக் கூச்சம் தரும் படம் அச்சிட்ட ஒரு டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்.

அந்தக் கால்வாசிப் பேரில் ஒருவர் சிரிக்கவும் செய்யலாம். இல்லை என்று சொல்ல மாட்டேன். என் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், நான்தான் இரண்டு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

கவலைப்படுவதை நிறுத்துவது எப்படி?

நிறுத்த முயன்றால் கூடும். டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையில் ஆட்களை உட்காரவைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியைப் பற்றி மட்டும் நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. தடையை எடுத்துவிட்டு இப்போது தாராளமாக நினைக்கலாம் என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக அந்தக் கரடியை நினைத்தார்கள். "கவலைப்படாதே" என்று அன்போடு சொல்கிறவர்கள் நம்மிடம் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான்.

எனக்கு உதவியது கவலைக்கு நேரம் ஒதுக்குவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. தாமஸ் போர்கோவெக்கும் குழுவினரும் 1983-இல் சோதித்துப் பார்த்த முறை. தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம். பகலில் கவலை தலைகாட்டும்போது "சரி, உனக்கு ஆறு மணி" என்று தள்ளிவைக்க வேண்டும். அந்த அரை மணியில் உட்கார்ந்து முழுமூச்சாகக் கவலைப்பட வேண்டும், வேறு வேலை பார்க்கக் கூடாது. கேட்கும்போது கேலியாகத்தான் இருக்கும். மறுப்பதற்கும் தள்ளிவைப்பதற்கும் உள்ள வித்தியாசம் செய்து பார்த்தால்தான் தெரியும். தள்ளிவைத்த கவலைகளில் பாதி, ஆறு மணிக்குக் கூப்பிட்டால் வருவதே இல்லை. படுக்கையை அந்த இடமாக வைத்துக்கொள்ளாதீர்கள், தூங்கப் போகும் நேரத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

நான் அந்த அரை மணியில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்வேன். கவலைக்கும் யோசனைக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டிலும் நெற்றி சுருங்கித்தான் இருக்கும். யோசனை எங்காவது போய்ச் சேரும், கவலை செக்குமாடு மாதிரி அதே வட்டத்தில் சுற்றும். எழுதிப் பார்த்தால் எது எது என்று பிரிந்துவிடும். "மகன் படிப்புச் செலவுக்கு என்ன செய்வது?" என்பதற்குக் கீழே அடுத்து செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுத முடியும். யாரிடம் விசாரிப்பது, என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது வரை எழுதுங்கள். முடிக்காத வேலை மனத்தை அரித்துக்கொண்டே இருந்தாலும், அதற்குத் தெளிவான திட்டம் ஒன்றை எழுதிவிட்டாலே அரிப்பு அடங்குகிறது என்று மாசிகாம்போ, பவுமைஸ்டர் இருவரும் 2011-இல் காட்டினார்கள். வேலையை முடித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

"எல்லாம் தப்பாகிவிட்டால்?" என்பதற்குக் கீழே எழுத ஒன்றும் கிடைக்காது. அதை அப்படியே தாளில் விட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

கவலைப்படுவதால்தானே ஜாக்கிரதையாக இருக்கிறேன்?

பலரும் உள்ளூர இப்படித்தான் நம்புகிறோம். கவலைப்பட்ட விஷயம் நடக்காமல் போனால், கவலைதான் காப்பாற்றியது என்று கணக்கில் வரவு வைத்துவிடுகிறோம். லஃப்ரெனியர், நியூமன் என்ற இரு ஆய்வாளர்கள், கவலை நோய் என்று கண்டறியப்பட்டவர்களைத் தங்கள் கவலைகளை எழுதிவைக்கச் சொல்லி, அவை பலித்தனவா என்று ஒரு மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். 2020-இல் வெளிவந்தது. எழுதிய கவலைகளில் 91 சதவீதம் பலிக்கவில்லை. ஆட்கள் முப்பது பேருக்கும் குறைவு என்பதால் அந்த எண்ணை உங்களுக்கும் எனக்கும் அப்படியே ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் எழுதிவைத்துப் பின்னால் சரிபார்க்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அதில் ஒரு தனித் திருப்தி.

எனக்கு எதில் ஆர்வம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆர்வம் எங்கோ புதைந்து கிடக்கிறது, தோண்டி எடுக்க வேண்டும் என்று நினைப்பதில்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. அப்படி நம்புகிறவர்கள் ஒன்றைத் தொட்டதும் மின்சாரம் பாய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பாயாவிட்டால் "இது என்னுடையது இல்லை" என்று அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெகரி வால்டன் மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. கருந்துளைகளைப் பற்றி ஓர் அருமையான காணொளியைக் காட்டினார்கள், எல்லோருக்கும் பிடித்தது. பிறகு அதே விஷயத்தில் கடினமான ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்ற எண்ணம் கொண்டவர்களுக்கு உற்சாகம் சட்டென்று வடிந்தது. வளர்த்துக்கொள்வது என்று நினைத்தவர்களுக்கு அவ்வளவு வடியவில்லை.

வரைவது எனக்கு ஆரம்பத்தில் பொழுதுபோகாமல் கிறுக்கியதுதான். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று புரிய ஆரம்பித்த பிறகுதான் கை சும்மா இருக்க மறுத்தது. கொஞ்சமாவது தெரிந்தால்தான் ஒரு விஷயம் சுவையாகிறது. அதனால் எதில் ஆர்வம் என்று தேடுவதை நிறுத்திவிட்டு, லேசாகக் கவர்ந்த ஒன்றை எடுத்து, கஷ்டமான முதல் பகுதி தாண்டும் வரையாவது பிடித்துக்கொண்டிருங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் விடலாம்.

முறையாகப் படிக்கவில்லையே?

டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த அந்தோனி வான் லேவன்ஹுக் பல்கலைக்கழகப் பக்கமே போகாதவர். அந்தக் காலத்து அறிஞர்களின் மொழியான லத்தீனும் அவருக்குத் தெரியாது. தானே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு லென்சுகளால் குளத்துநீரையும் பல்லில் படிந்த அழுக்கையும் பார்த்து, 1673 முதல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியிலேயே கடிதம் எழுதினார். 1676-இல் கண்ணுக்குத் தெரியாத உயிரிகளைப் பற்றி எழுதியபோது அவர்களுக்கே சந்தேகம் வந்தது. அடுத்த ஆண்டு அந்தச் சங்கத்தின் விஞ்ஞானி ராபர்ட் ஹுக் தானே செய்து பார்த்து உறுதிப்படுத்தினார். அறுவை சிகிச்சைக்கும் பாலம் கட்டவும் பட்டம் அவசியம் வேண்டும், அதில் விவாதமில்லை. மற்ற பலவற்றுக்கு வேண்டியது, செய்ததைத் தெரிந்தவர்களிடம் காட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்கும் பழக்கம்.

வேலையை விட்டுவிட்டுப் பிடித்ததில் இறங்கலாமா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அலுவலகத்தில் மோசமான ஒரு நாளுக்கு மறுநாள் கேட்கிறார்கள். அன்றைக்கு எடுக்கிற முடிவு மேலாளரைப் பற்றியது, ஆர்வத்தைப் பற்றியது இல்லை.

வில்லியம் ஹெர்ஷல் என்பவரை எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் பாத் நகரில் ஆர்கன் வாசிப்பதும், இசை சொல்லிக்கொடுப்பதும், கச்சேரி நடத்துவதும் அவருடைய பிழைப்பு. 1773 வாக்கில் வானியல் பித்து பிடித்தது. வாங்கக் கிடைத்த தொலைநோக்கிகள் போதவில்லை என்று கண்ணாடியை வார்த்துத் தேய்த்துத் தானே செய்ய ஆரம்பித்தார். தங்கை கரோலின் கூடவே உழைத்தார். பகலில் மாணவர்கள், இரவில் வானம். 1781 மார்ச் 13 அன்று வீட்டுத் தோட்டத்திலிருந்து பார்த்தபோது கண்ணில் பட்டது யுரேனஸ் கோள். அதற்குப் பிறகுகூட அவர் உடனே இசையை உதறவில்லை. 1782-இல் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண்டு ஊதியம் தர ஏற்பாடு செய்த பின்தான் முழுநேர வானியலுக்கு வந்தார். அவருடைய இசை வருமானத்தைவிட அது குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழில் தொடங்குகிறவர்களைப் பற்றி ராஃபி, ஃபெங் என்ற இருவர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2014-இல் எழுதிய ஆய்வும் இதே பக்கம் சாய்கிறது. வேலையில் இருந்துகொண்டே பக்கவாட்டில் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள், எடுத்த எடுப்பில் வேலையை விட்டவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வாடகை தரும் வேலை இருந்தால், பிடித்த வேலை பணம் தர வேண்டிய கட்டாயத்திலிருந்து தப்பிக்கிறது. சுமாரான படங்கள் வரைய எனக்கு அனுமதி கிடைத்தது அப்படித்தான்.

விடக்கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை மாதச் செலவு கையில் இருக்கிறது, உங்களை நம்பி யார் இருக்கிறார்கள், திரும்பி வர வழி உண்டா என்ற மூன்றுக்கும் எண்ணும் பெயரும் போட்டுப் பதில் எழுத முடிகிறவர் விடலாம்.

பிடித்ததைக் காசாக்கினால் பிடிப்பு போய்விடுமா?

போகலாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வண்ணப் பேனாவால் ஆசையாய் வரையும் மழலைப்பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், அப்படியே கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசு எதுவும் இல்லாதபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. நான் ஆர்டருக்கு வரைவதுண்டு. கூடவே யாருக்கும் விற்காத நோட்டு ஒன்றும் உண்டு.

நேரமே இல்லையே?

சிலருக்கு உண்மையாகவே இல்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு வீட்டில் நோயாளியையும் கவனிக்கிறவரிடம் "அதிகாலை எழுந்திருங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. மற்றவர்களுக்கு, நேரத்தைவிடத் தொடங்கும் தருணம்தான் பிரச்சினை. ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். நான் குளித்துவிட்டு வந்ததும் மேசையில் உட்காருவேன், அவ்வளவுதான். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பி ஏமாறாதீர்கள். ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் லண்டனில் செய்த ஆய்வில் பழக்கமாக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள் (பாதிப் பேருக்கு அதற்குள், பாதிப் பேருக்கு அதற்கு மேல்), ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை மாறியது. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

பாராட்டினால் நம்ப முடியவில்லை. எப்போது குட்டு வெளிப்படுமோ என்று இருக்கிறது.

1978-இல் போலீன் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் நன்றாகச் சாதித்த பெண்களிடம் பேசி இதே பயத்தை விவரித்தார்கள். பிறகு ஆண்களிடமும் அது பரவலாக இருப்பது தெரிந்தது. பாராட்டை ஏற்றுக்கொள்ளத் தெரியாவிட்டால், "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு, என்ன பிடித்தது என்று கேளுங்கள். "அந்தக் கையை வரைந்த விதம்" என்பது போல ஏதாவது பதில் வந்தால் அதைக் குறித்துவையுங்கள். மனம் மொத்தப் பாராட்டைத் தள்ளிவிடும், குறிப்பான பாராட்டைத் தள்ளுவது அதற்குக் கொஞ்சம் கஷ்டம்.

வயதாகிவிட்டதே?

அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் என்ற அமெரிக்க விவசாயப் பெண்மணி தன் எழுபதுகளின் கடைசியில்தான் ஓவியத்தில் முழுமையாக இறங்கினார். மூட்டுவலியால் ஊசி பிடித்துப் பூத்தையல் வேலை செய்ய முடியாமல் போனது ஒரு காரணம். 1940-இல் தனிக் கண்காட்சி, 1961-இல் 101 வயதில் மறைவு. எல்லோருக்கும் அப்படி அமையாது என்பது உண்மை. அமையாவிட்டாலும் எழுபது வயது வந்தே தீரும், வரைந்தாலும் வரையாவிட்டாலும்.

பிடித்த விஷயமே பதற்றம் தருகிறது. விட்டால் குற்ற உணர்வு, தொட்டால் பயம்.

ராபர்ட் வலராண்ட் 2003-இல் ஆர்வத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று வாழ்க்கையோடு ஒத்துப்போவது, விரும்பினால் எடுக்கலாம், வைக்கலாம். இன்னொன்று ஆளையே பிடித்துக்கொள்வது, நன்றாகச் செய்தால்தான் தனக்கு மதிப்பு என்று நம்பவைப்பது. இரண்டாவது வகையில் உழைப்பு குறைவதில்லை, நிம்மதிதான் போகிறது. ஒரு வாரம் தள்ளி நின்று பாருங்கள். ஏக்கம் வந்தால் நல்லது. தூக்கமே கெட்டால், பிரச்சினை அந்தக் கலையில் இல்லை, உங்கள் மதிப்பை அதன் தலையில் ஏற்றிவைத்ததில் இருக்கிறது.

இது வெறும் கவலையா, மருத்துவரைப் பார்க்க வேண்டியதா?

பெரும்பாலான நாட்களில், ஆறு மாதமாக, கட்டுப்படுத்த முடியாத கவலை, கூடவே தூக்கக் கேடு, களைப்பு, தசை இறுக்கம், எரிச்சல், கவனம் சிதறுவது, இவற்றால் அன்றாட வேலையும் பாதிக்கப்படுகிறது என்றால் பாருங்கள். ஆறு மாதம் ஆகட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் உளவியல் சிகிச்சைகளும், தேவைப்பட்டால் மருந்துகளும் நன்றாக வேலை செய்கின்றன. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லுங்கள், உடனே மருத்துவமனைக்கோ அவசர உதவிக்கோ போங்கள்.

எவ்வளவு காலம் முயன்ற பிறகு விட்டுவிடலாம்?

சோர்ந்திருக்கும் நாளில் இதை முடிவு செய்யாதீர்கள். தொடங்கும்போதே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ, அன்றைக்கு உட்கார்ந்து பாருங்கள். பார்க்க வேண்டியது வெற்றியை மட்டும் இல்லை. யாரும் பார்க்காவிட்டாலும் இதைச் செய்வேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கிட்டார் கற்றுக்கொண்டிருந்தேன். குறித்த தேதியில் கேட்டுப் பார்த்தபோது, வாசிப்பதைவிட "வாசிப்பேன்" என்று சொல்லிக்கொள்வதுதான் எனக்குப் பிடித்திருந்தது என்று தெரிந்தது. கிட்டாரை அக்கா மகனிடம் கொடுத்துவிட்டேன். அந்த நேரத்தையும் இப்போது வரையத்தான் பயன்படுத்துகிறேன்.